சும்மா எதையும் வாங்காத ஆர்லின்

மினசோட்டாவின் சட்டத்துக்குத் தாராள மனசுக்காரர்களைப் பிடிக்கும். உன் காட்டில் ஊரான் வந்து மான் சுட்டுக்கொள்ளட்டும் என்று நீ சும்மா விட்டால், அவன் அங்கே தடுக்கி விழுந்தாலும் இடுப்பை ஒடித்துக்கொண்டாலும் அது அவன் பாடு. உனக்குத் தெரிந்த ஆபத்தை அவனிடம் சொல்லாமல் மறைத்தாலொழிய உன்னைக் கேள்வி கேட்க ஆளில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை கேட்டு வாங்கிவிட்டாயோ, நீ கடைக்காரன், அவன் வாடிக்கையாளன். கடைப் படிக்கட்டு உடைந்து விழுந்தவனுக்குக் கடைக்காரன்தானே பதில் சொல்லியாக வேண்டும்?

இப்படியொரு சட்டத்தின் கீழ் குடியிருக்க ஆர்லின் ஸ்டென்ஸ்ருட்டைப் போலப் பொருத்தமில்லாத ஆள் கிடையாது.

தான் யாருக்கும் எதையும் சும்மா கொடுத்ததில்லை என்று ஆர்லின் சொல்லிக்கொள்வார். சும்மா வாங்கியதில்லை என்பதை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். முதலாவது அப்பட்டமான பொய். இரண்டாவதை அவர் மெய்யாகவே நம்பினார். ஒரு பனிக்காலத்தில் அவருடைய வண்டி சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட, பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரில் இழுத்து விட்டார். மறுநாள் காலை அந்த வீட்டு வாசலில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு இருந்தது. இவ்வளவு கிழங்கா என்று அவர்கள் ஜாம் பாட்டில்கள் அனுப்ப, ஜாமுக்கு முட்டை போக, முட்டைக்குப் பதிலாக ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு வர, அந்தப் பண்ணைக்காரர் செத்துப்போனதால்தான் அந்தப் போக்குவரத்து நின்றது.

"இந்த ஆளு போய்ச் சேர்ந்தா, பெட்டி தூக்குறவங்களுக்குக் கூலி குடுத்துடணும்னு உயில் எழுதி வெச்சிருப்பான், பாரேன்" என்பாள் மார்லிஸ். அவருடைய மனைவி. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி ஊற்றுகிறபோது, அவர் காதில் விழும்படியாகத்தான் சொல்வாள்.

"பின்ன? ஆறு பேரு கனம் சுமக்கறாங்கல்ல?" என்பார் ஆர்லின்.

பிறந்த வீட்டிலேயே கிழவரானவர். அப்பா வைத்திருந்த பால்மாடுகளைத் தானும் வைத்திருந்து, முழங்கால் தேய்ந்ததும் விற்றார். சமவெளியை மக்காச்சோளத்துக்குக் குத்தகை விட்டார். பின்னால் மேடும் பள்ளமுமாக இருந்த ஓக் காட்டை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். வீட்டைச் சூடாக்குவது முற்றத்தில் நிற்கும் விறகு பாய்லர். மார்லிஸ் காலம் காலமாக கேஸ் இணைப்புக் கேட்டாள். விழுந்து கிடக்கிற மரத்தை மக்க விட்டுவிட்டு கேஸ் கம்பெனிக்காரனுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

மாடுகளை விற்பதற்குச் சற்று முன்னால், ஒரு கிடாரி அவரைக் கொட்டகைக் கதவோடு வைத்து நெருக்கியதில் வலது தோள் போய்விட்டது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தை முன் இருக்கையின் முதுகிலிருந்து இடது கையால் எடுக்க ஆரம்பித்தார், அவ்வளவுதான். முதல் ஞாயிற்றுக்கிழமையே சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரிந்தது அவருக்குத் தெரியக் கூடாது என்பதில் சபை முழுக்க ஒற்றுமையாக இருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் விறகு பிளக்காமல் குவிந்து கிடந்தது. பால் லாரி ஓட்டுகிற லைல் ப்ருஸ்வென் அந்தச் சாலையில்தான் குடியிருந்தான். நாற்பது வயது, கதவளவு அகலம், வாய் மட்டும் சின்னது. ஒரு மாலை வந்தான். எங்கள் பக்கத்தில் ஒரு காரியமாக வருகிறவன் காரியத்தைச் சொல்லிவிட மாட்டான். மழை, சோளத்தின் ஈரம், யாரோ ஒருவருடைய பித்தப்பை என்று ஊர்வலம் முடிந்து, புறப்பட எழுந்து, கதவுக் குமிழில் கை வைத்த பிறகுதான் அது வரும்.

"ஆமா, உங்க பின்னாடி காட்டுல இந்த மான் சீசனுக்கு யாராச்சும் உக்காருறாங்களா?" என்றான் குமிழைத் திருகிக்கொண்டே.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"நானும் என் மச்சினனுங்க ரெண்டு பேரும் உக்காந்தா ஆட்சேபனை இருக்குமா? சும்மா வேண்டாம். அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை வந்து உங்க விறகைப் பொளந்து அடுக்கிக் குடுத்துடறோம்."

ஆர்லின் கூரையைப் பார்த்தார். "அது நியாயமாத்தான் படுது" என்றார். எங்களூரில் இதற்கு மேல் சந்தோஷத்தைக் காட்டினால் மருத்துவரைக் கூப்பிடுவார்கள்.

அப்படியே நடந்து வந்தது. அக்டோபரில் விறகு பிளக்கும் மெஷினை வண்டியில் கட்டி இழுத்து வந்து பிளந்தார்கள். நவம்பரில் வேட்டைக்கான ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். மச்சினன்மார் பள்ளத்தில் உட்காருவார்கள். லைல் ஏறுவது, ஆர்லின் இளவயதில் ஒரு பெரிய ஓக் மரத்தில் அடித்துவைத்த பலகைப் பரணில். சீசனுக்கு ஒரு வெடிச்சத்தம் கேட்கும். மான் அநேகமாகக் கிடைக்காது. மூன்று பேரும் இவ்வளவு மோசமாகச் சுடுகிறார்களே என்று ஆர்லினுக்கு வருத்தம். கொடுத்த வேலைக்குப் பலன் கிடைக்காமல் போகிறவர்கள் என்று, வேறு யாரோ தனக்குக் கொடுத்த மான்கறியில் பாதியை லைலுக்குக் கொடுத்துவிடுவார்.

பிறகு ஒரு நவம்பரில், ஈரப்பனி பெய்திருந்த காலையில், பரணுக்குப் போகும் ஏணியின் மேல்படி முறிந்தது. படி பல வருஷமாக உள்ளே உளுத்திருந்தது. லைல் மல்லாந்து விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது, முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியது. மச்சினன்மார் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். ஆம்புலன்சில் ஏற்றும்போது அவன் ஆர்லினைப் பார்த்து, "உங்க படியை ஒடச்சிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றான்.

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு இளைஞன் வந்தான். ஆர்லினின் பண்ணைக் காப்பீடு அந்தக் கம்பெனியில். நல்ல பையன். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்தான்.

"நீங்க அவங்களை இலவசமாத்தான வேட்டையாட விட்டீங்க, சார்?"

ஆர்லினின் காது சிவந்தது. "இலவசமாவா? இங்க யாரும் சும்மா சுடறதில்ல, தம்பி. வேலை பாத்துட்டுத்தான் சுடறாங்க. என் விறகு பூரா அவங்க பொளந்ததுதான். பேசி வெச்ச பேச்சு."

பையன் அடுத்ததற்குப் போனான். "அந்த ஏணி மேல நீங்க ஏறிப் பல வருஷம் ஆகியிருக்கும், இல்லீங்களா?"

"யாரு சொன்னா? வருஷா வருஷம் ஏறி ஆட்டிப் பாத்துடுவேன்."

மார்லிஸ் அடுப்படியில் ஒரு பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தாள். பையன் இரண்டையும் எழுதிக்கொண்டு போனான்.

அடுத்து வந்தது வழக்கு. கொண்டுவந்தது லைலே. மனைவி வண்டி ஓட்ட, வாக்கரைப் பிடித்துக்கொண்டு, சாக்லேட் தடவிய ஓட்ஸ் துண்டுகள் ஒரு தட்டு நிறைய.

"நான் உங்க மேல கேஸ் போட்டிருக்கேன்" என்றான். "அதாவது, நான் போடல. ஆனா போட்டது நான்தான்னு பேப்பர்ல இருக்கு."

"காபி?" என்றார் ஆர்லின்.

"வேண்டாம், பரவால்ல."

"கொஞ்சம் குடியேன்."

"ஐயோ, சிரமப்படாதீங்க."

"அரை கப்பு."

"போட்டு வெச்சதா இருந்தா சரி."

அரை கப் காபியில் விஷயம் தெளிவானது. ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிய மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி அதை எங்கிருந்தாவது திரும்பப் பெற விரும்பியது. அவன் வழக்குக்கு ஒத்துழைக்காவிட்டால் செலவு அவன் தலையில் விழும். லாரி ஓட்டாமல் போன மாதங்களின் சம்பளமும் வழக்கு வென்றால்தான் வரும். அவனுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

"நீ செய்ய வேண்டியதைத்தான செய்யற" என்றார் ஆர்லின். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் முட்டை இருந்தது.

ஆர்லினுக்காகக் கம்பெனி அமர்த்திய வக்கீல் ப்ரெண்டா. மினியாபொலிஸ்காரி. காபி வேண்டுமா என்று முதல் தடவை கேட்டபோதே வேண்டும் என்று சொல்லிவிட்டதில் மார்லிஸ் ஒரு கணம் தடுமாறிப் போனாள்.

"நீங்க அந்தப் பையன்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லியிருக்கீங்க, மிஸ்டர் ஸ்டென்ஸ்ருட்" என்றாள் ப்ரெண்டா. "விறகுதான் வேட்டைக்கு விலைன்னு ஒண்ணு. அப்படின்னா சட்டம் உங்களைக் காப்பாத்தாது. வியாபாரம் நடந்த இடம்னு உங்க பாலிசியும் கைவிட்டுடும். ஏணியை வருஷா வருஷம் பாத்தேன்னு இன்னொண்ணு. அப்படின்னா அது உளுத்தது தெரிஞ்சும் நீங்க வாயத் தொறக்கல. இந்த ரெண்டும் நின்னா, பதில் சொல்லப் போறது உங்க நிலம்தான். மொத்தமும்."

"விறகுதான் விலை. நான் என்ன பண்ண?"

"பக்கத்து வீட்டுக்காரங்க ஒத்தாசையா செஞ்சு குடுத்ததா இருக்கலாமில்லையா?"

"நான் யார்கிட்டயும் ஒத்தாசை வாங்கினதில்ல."

"ஆர்லின்" என்றாள் மார்லிஸ்.

"நிலம் போனா போகட்டும். ஊர்க்காரன் புண்ணியத்துல குளிர் காஞ்சேன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

"நிலம் போச்சுன்னா எங்க போய்க் குளிர் காய்வ? அப்போ நெஜமாவே ஊர்க்காரன் வீட்டுலதான்."

ஆர்லின் எழுந்து மாடில்லாத கொட்டகையைப் பார்க்கப் போனார். கோபம் வந்தால் அவர் போகிற இடம் அது.

வசந்தத்தில், ஊர் நூலகத்தின் மாடியறையில், சத்தியப் பிரமாணத்தோடு வாக்குமூலம் எடுத்தார்கள். நீள மேஜையில் ஒரு பக்கம் லைலும் அவனுடைய வக்கீலும், எதிரில் ப்ரெண்டாவும் ஆர்லினும். சுவரோரம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மார்லிஸ். மேஜைக் கோடியில் தட்டச்சு செய்கிற பெண். முதலில் லைலை ப்ரெண்டா கேட்டாள்.

"வேட்டைக்குப் பதிலா விறகு பொளக்கறோம்னு நீங்கதான் சொன்னீங்களா?"

லைல் மேஜையைப் பார்த்தான். "அப்படித்தான் சொன்னேன்."

அவனுடைய வக்கீலின் முகம் மலர்ந்தது.

"ஆனா அது அப்படி இல்ல" என்றான் லைல்.

"பின்ன எப்படி?"

"இதை அவர் இல்லாத எடத்துல சொல்லலாமா?"

"முடியாது, மிஸ்டர் ப்ருஸ்வென்."

லைல் பெருமூச்சு விட்டான். "அதுக்கு முந்தியே நான் மூணு தடவை போய்க் கேட்டேன், விறகு பொளந்து தரட்டுமான்னு. மூணு தடவையும் வேண்டாம்னுட்டார். ஒரு தடவை வேண்டாம்னா சரின்னு அர்த்தம். ரெண்டு தடவைன்னா இன்னும் ஒரு தடவை கேளுன்னு அர்த்தம். மூணாவது தடவையும் வேண்டாம்னா, அதுக்கு மேல கேக்கறது மரியாதை இல்ல. குளிர் வந்துக்கிட்டிருக்கு. மார்லிஸ்தான் சொன்னாங்க, 'குடுத்தா வாங்க மாட்டான். அவன்கிட்ட ஏதாச்சும் கேளுங்க, குடுப்பான்'னு. என்ன கேக்கறதுன்னு யோசிச்சோம். காடு இருந்துது."

"அப்ப வேட்டைக்காக நீங்க விறகு பொளக்கல."

"விறகைப் பொளக்க அவர் விடணுமேன்னு வேட்டைக்குப் போனோம்."

"ஒரு நிமிஷம்" என்றார் லைலின் வக்கீல். "லைல், இதுல உங்க சம்பளமும் இருக்குங்கறது ஞாபகம் இருக்குல்ல?"

"ஞாபகம் இருக்கு. சத்தியம் பண்ணதும் ஞாபகம் இருக்கு. எனக்கு உசரம்னாலே ஆகாதுங்க. பரண்ல உக்காந்து குறுக்கெழுத்துப் போடுவேன்."

"துப்பாக்கிச் சத்தம் கேட்டதா சொல்றாங்களே" என்றாள் ப்ரெண்டா.

"சத்தமே வரலன்னா அவருக்கு மனசு கஷ்டப்படும். அதனால வருஷத்துக்கு ஒரு தடவை மேட்டு மண்ணைச் சுடுவேன்."

"மான் எதுவும் சுட்டதே இல்லையா?"

"ஒண்ணு. அது பாட்டுக்குக் குறுக்க வந்துடுச்சு."

தட்டச்சுப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆர்லின் இதையெல்லாம், கூரையில் நீர் ஒழுகிக் காய்ந்திருந்த கறையை ஆராய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காது இரண்டும் நவம்பர்ச் சட்டையின் நிறத்தில் இருந்தன.

பிறகு அவருடைய முறை. கேட்டது லைலின் வக்கீல். விறகு கையை விட்டுப் போய்விட்ட நிலையில் அவருக்கு மிச்சம் இருந்தது ஏணி.

"அந்த ஏணியில வருஷா வருஷம் ஏறிப் பாத்ததா கம்பெனி ஆள்கிட்டச் சொல்லியிருக்கீங்க."

"சொன்னேன்."

"பாத்தீங்களா?"

ஆர்லின் மார்லிஸைப் பார்த்தார். அவள் கைப்பையின் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம் என்று சொன்னால் நிலம் போகும், மானம் நிற்கும். சத்தியம் என்ற ஒன்று குறுக்கே வந்திராவிட்டால் அவர் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்பதில் எங்கள் ஊரில் இன்றும் இரண்டு கட்சி உண்டு.

"இல்ல" என்றார்.

"ஏன் இல்ல?"

அந்தக் கேள்விக்கு அவசியமே இல்லை. ஆனால் வக்கீல்களுக்கு ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ஆர்லின் வலது கையை உயர்த்திக் காட்டினார். மேஜைக்கு மேல் வந்து, நெஞ்சு மட்டத்தைத் தாண்டி, தோளுக்கு நேராக வந்து நின்றது.

"மன்னிக்கணும் சார்" என்றாள் தட்டச்சுப் பெண், மிகவும் மெதுவாக. "கையால காட்டினா பதிவாகாது. வாயால சொல்லணும்."

அறையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் வேறெங்கோ பார்த்தார்கள்.

"இந்தக் கையைத் தூக்க முடியாது" என்றார் ஆர்லின். "ஏணி ஏற முடியாது. கோடாரி ஓங்க முடியாது. கட்டையைத் தூக்கி மெஷின்ல வைக்கவும் முடியாது." பிறகு யாரும் கேட்காமலேயே சொன்னார். "விறகு அவங்க குடுத்தது. நான் வாங்கிக்கிட்டேன்."

தட்டச்சு இயந்திரம் அதையும் அடித்து முடித்து நின்றது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மார்லிஸ் கேட்டாள்.

"கோவமா?"

"இல்ல."

"கோவம்தான்."

"அந்த வெடிச்சத்தம் எல்லாம் மண்ணைச் சுட்டதா?"

"ஆமா."

"பாவம்னு நான் மான்கறி குடுத்தேனே."

"அவனுக்கு மான்கறி பிடிக்காது. நாய்க்குப் போட்டான்."

ஆர்லின் சாலையைப் பார்த்தார். "நல்ல கறி அது" என்றார்.

கோடையில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார். விலை கேட்கவில்லை, ஆபத்துத் தெரியவில்லை, ஆகவே பொறுப்பில்லை. நிலம் நின்றது. உண்மையைச் சொன்ன லைலுக்குச் சம்பளம் ஒரு மாதத்துக்குக்கூட வரவில்லை. வழக்கே தள்ளுபடியானதால் மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியும் அவனிடம் எதையும் கேட்கவில்லை. அவன் லாரிக்குத் திரும்பினான், கனம் தூக்கக் கூடாது என்ற கட்டளையோடு. ஆர்லின் பரணைச் சங்கிலி கட்டி டிராக்டரால் இழுத்துத் தள்ளி, அந்தப் பலகைகளை பாய்லரில் போட்டு எரித்தார். வழக்கைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்க்கும்போதெல்லாம் மழையைப் பற்றி முன்னைவிட விரிவாகப் பேசினார்கள்.

அக்டோபர் வந்தது. காட்டில் விழுந்த மரங்களை ஒற்றைக் கையால் முடிந்த மட்டும் அறுத்து, கொட்டகைக்குப் பின்னால் ஆர்லின் கட்டைகளாகச் சேர்த்து வைத்திருந்தார். பிளக்க ஆள் இல்லை. யாரையும் கேட்கவும் இல்லை. மார்லிஸ் கேஸ் கம்பெனியின் விலைச் சீட்டைச் சாப்பாட்டு மேஜையில் எடுத்து வைத்தாள். அவர் அதன் மேல் காபிக் கோப்பையை வைத்தார்.

ஒரு சனிக்கிழமை லைலின் வண்டி, மெஷினை இழுத்துக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றது. மச்சினன்மார் பின்னால் இருந்து குதித்தார்கள். லைல் மெதுவாக இறங்கினான். ஆர்லின் கதவைத் திறந்து, படியில் நின்றார்.

"இந்த வருஷம் மான் சுடப் போறியா?"

"இல்ல" என்றான் லைல்.

"அவனுங்க?"

"அவனுங்களும் இல்ல."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"விறகுக்கு."

வேறு காரணம் எதுவும் வருமா என்று ஆர்லின் காத்திருந்தார். வரவில்லை. லைல் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருப்பது போலப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான்.

"வேண்டாம்" என்றார் ஆர்லின்.

"சரி. கொஞ்சமா பொளக்கறோம்."

"ஐயோ, வேண்டாம்ப்பா."

"கொண்டு வந்த மெஷினை எப்படித் திருப்பிக் கொண்டு போறது? பாதியாவது."

மூன்றாவது 'வேண்டாம்' அவர் வாய் வரை வந்ததை மார்லிஸ் சன்னலிலிருந்து பார்த்தாள். அவர் அதை விழுங்கிவிட்டு, இடது கையால் கொட்டகைப் பக்கம் காட்டினார்.

"ஓக்குல ஆரம்பிங்க. மேப்பிள் ஈரமா இருக்கு."

மச்சினன்மார் மெஷினை இழுத்துப் போனார்கள். லைல் கட்டை தூக்கக் கூடாதவன், ஆர்லின் தூக்க முடியாதவர். செய்ய ஒன்றும் இல்லாமல் இருவரும் வண்டியின் பின்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மார்லிஸ் காபி கொண்டுவந்தாள். ஆர்லின் முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டார்.

"உன் சின்ன மச்சினன் அடுக்கறதைப் பாத்தியா?" என்றார் சற்று நேரம் கழித்து. "பட்டையைக் கீழ வெச்சு அடுக்கறான். மழைத்தண்ணி உள்ள நின்னுடும்."

"ரொம்ப நாளா அப்படித்தான் அடுக்கறான்."

"எனக்குத் தெரியும். நீங்க போனப்புறம் வருஷா வருஷம் நான்தான் திருப்பி அடுக்குவேன். இடது கையால."

"சொல்லியிருக்கலாமே?"

"சும்மா செஞ்சு குடுக்கறவன்கிட்டக் குறை சொல்லக் கூடாது" என்றார் ஆர்லின்.

லைல் அவர் முகத்தைப் பார்க்கத் திரும்பினான். ஆர்லின் ஏற்கெனவே விறகுக் குவியல் பக்கம் பார்த்து, பட்டையை மேலே வைக்கச் சொல்லிக் கத்த ஆரம்பித்திருந்தார்.